தாது வருஷத்துக் கணக்கு



வாணிகத்தில் தேடிய பொருளில் ஒரு பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி வைத்து, பொருளாதார விஷயங்களைக் குறித்து ஆண்டுக்கொரு முறை தமிழிலேயே ஒரு பிரசங்கம் நிகழ வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போன பெருமகனாரின் நினைவாகப் பேசும்போது, அவருக்கு மிகவும் பழக்கமான கணக்குப் புத்தகத்திலிருந்தே தொடங்குவது முறை என்று எண்ணுகிறேன். சர்க்காரின் பொக்கிஷம் வற்றும்போதெல்லாம் ஜனங்கள் அதிகமாகிவிட்டார்கள் என்ற குரல் எங்கிருந்தோ எழுகிறது. அக்குரல் அந்நாளைய சென்னை மாகாணத்தில் மிக உரக்க ஒலித்த காலம், நம் பாட்டிமார் வயதைக் கணக்கிடுவதற்கு அடையாளமாகச் சொல்லி வந்த தாது வருஷத்துப் பஞ்சக் காலம். அதாவது 1876-ஆம் ஆண்டும் அதை அடுத்த இரண்டு ஆண்டுகளும். அந்தக் காலத்து விவாதத்தையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், கோயம்புத்தூர் ஆகிய மாவட்டங்களும் மைசூர் சமஸ்தானமும் வறண்டன. ஊருக்கு ஊர் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். மாயூரத்தில் முன்பு முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததும், அந்தத் தயாளத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியதும் நாம் அறிந்தவை. ஆனால் இதே சமயத்தில் சென்னைக் கடற்கரையில் கப்பலிலிருந்து இறக்கிய தானிய மூட்டைகள், ஏற்றிச் செல்லப் போதிய ரயில் வண்டியில்லாமலும், விலையேற்றத்தை எதிர்பார்த்திருந்த வியாபாரிகளின் கணக்காலும், காவலோடு குவிந்து கிடந்தன என்பதை நாம் அவ்வளவாக நினைவு கூர்வதில்லை. அரிசி இருந்தது, அதை வாங்கக் காசுதான் குடியானவனிடம் இல்லை.

காசு இல்லாதவன் குடியானவன் மட்டுமல்லன். சர்க்காரும் நெருக்கடியில்தான் இருந்தது. ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறிய பிறகு ஐரோப்பாவில் வெள்ளியின் விலை சரியத் தொடங்கி, அவுன்சுக்கு 60 பென்ஸ் விற்ற வெள்ளி 1876 ஜூலையில் 47 பென்ஸுக்கும் கீழே இறங்கிற்று. அன்று நம் ரூபாய் வெள்ளி. இந்திய சர்க்கார் லண்டனில் கட்ட வேண்டிய கடன் வட்டியும், உத்தியோகஸ்தர்களின் ஓய்வூதியமும், பட்டாளச் செலவுமோ தங்கப் பவுனில். இந்த ‘இங்கிலாந்துச் செலவு’ ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் பவுனை ஒட்டியிருந்தது. முன்பு பத்து ரூபாய்க்குக் கிடைத்த ஒரு பவுனுக்கு இப்போது பதினொன்றரை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று என்றால், ஒரு குடிக்கும் ஒரு பைசா அதிகமாகக் கிடைக்காமலேயே வரிப்பணத்தில் பெரும் பங்கு கடல் கடந்து போயிற்று என்பது பொருள். ஆப்கானிஸ்தானத்தின் எல்லையில் யுத்த மேகம் வேறு. இவற்றுக்கிடையில் 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்யும் தர்பார் வெகு விமரிசையாக நடந்தேறியது. அந்தச் செலவுக்கு மட்டும் வெள்ளி விலை இடையூறாக இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தர்பார் முடிந்த கையோடு வைஸ்ராய் லிட்டன் பிரபு, சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பஞ்சச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவர ஸர் ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார். டெம்பிளின் கதை விசித்திரமானது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து சுமார் நாலரை இலட்சம் டன் அரிசியை வரவழைத்துப் பெருஞ்சாவு நேராமல் காப்பாற்றியவர் அவரே. அதற்காக லண்டனில் ஊதாரி என்று பழிக்கப்பட்டவரும் அவரே. உயிர்களைக் காத்ததற்குக் கண்டனம் வாங்கிய ஒருவர், அடுத்த முறை கண்டனம் வராத வழியைத் தேடினார். அதில் நமக்கு ஆச்சரியமில்லை. ஆனால் மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவர் கண்ட வழி ஒரு ராத்தல் தானியம். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண் ஒருவனுக்கு அதுவரை நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்துக்கு ஈடான கூலி கணக்கிடப்பட்டது. டெம்பிள் அதை ஒரு ராத்தலாக்கி, அதன்மேல் சிறு சில்லறை மட்டும் சேர்த்தார். ஒரு ராத்தல் என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் வெயிலில் மண்வெட்டி பிடிப்பவன் அதைச் சமைத்துத் தின்றுவிட்டு மறுநாளும் வேலைக்கு வர வேண்டும். பருப்புக்கும் உப்புக்கும் விறகுக்கும் அந்தச் சில்லறைதான். இதைப் பரிசோதனை என்றே அவர் அழைத்தார். பம்பாய் மாகாணத்தில் இதே ஒரு ராத்தல் விதிக்கப்பட்டபோது நிவாரணத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக சபை அவர்களுக்காக விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாக எழுதிற்று.

சென்னையில் இதை எதிர்த்தவர் சர்க்காருக்குள்ளேயே இருந்தார். சுகாதாரக் கமிஷனராகிய டாக்டர் கார்னிஷ், சிறையில் கடுங்காவல் கைதிக்குக் கொடுக்கும் உணவைவிடக் குறைவான உணவை, ஏற்கெனவே மெலிந்து வந்து நிற்கும் ஒருவனுக்குக் கொடுத்து வேலை வாங்குவது சாவுக்கு வழி என்று வைத்திய சாஸ்திரக் கணக்கோடு எழுதினார். விவாதத்துக்குப் பின், 1877-இல் சென்னை சர்க்கார் கூலியை உயர்த்திற்று. இந்தக் கார்னிஷைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1871-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் குடிக்கணக்கு அறிக்கையை எழுதியவரும் இவர்தான். மாகாணத்தின் 3 கோடியே 12 இலட்சம் மக்களை மாவட்டம் மாவட்டமாக அறிந்த அம்மனிதர், பஞ்சம் வந்தபோது கேட்ட கேள்வி, தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது. தலைகளை எண்ணத் தெரிந்தவரே தட்டையும் நிறுத்துப் பார்த்தார்.

எண்ணாதவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். இந்திய ஜனத்தொகை, மண் விளைவிக்கும் உணவைவிட வேகமாகப் பெருகும் தன்மையுடையது என்று லிட்டன் பிரபு 1877-இல் தம் சட்டசபையிலேயே சொன்னார். அது எங்கிருந்து வந்த சித்தாந்தம் என்று தேட வேண்டியதில்லை. பாதிரியார் மால்தூஸ் 1798-இல் தம் நூலை வெளியிட்டு, 1805 முதல் 1834-இல் இறக்கும்வரை, கம்பெனி உத்தியோகத்துக்கு வரும் இளைஞர்களைப் பயிற்றிய கல்லூரியில் அர்த்த சாஸ்திரம் கற்பித்தார். அந்த ஹெய்லிபெரிக் கல்லூரியில் படித்து வந்தவரே டெம்பிள். அவர் சேர்ந்தபோது மால்தூஸ் உயிரோடில்லை. அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்த ரிச்சர்டு ஜோன்ஸ், எல்லா நாட்டுக்கும் ஒரே விதியைப் பொருத்தாமல் அங்கங்கே நிலவும் நிலவுரிமை முறையையும் குத்தகையையும் கண்டறிந்தே பேச வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஆசிரியர் மாறினாலும் பழைய பாடம் மாணவர் மனத்தில் தங்கிவிடுவதுண்டு, குறிப்பாக அது செலவு குறைக்க உதவுமானால்.

இந்தச் சித்தாந்தத்துக்கு மறுமொழி பம்பாயிலிருந்து முன்பே வந்திருந்தது. 1876-இல் தாதாபாய் நௌரோஜி ‘இந்தியாவின் வறுமை’ என்ற தம் கட்டுரையைக் கிழக்கிந்திய சங்கத்தின் கிளையில் படித்தார். நாட்டின் மொத்த உற்பத்தியைத் தலைக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ரூபாய்தான் தேறுகிறது. உயிர்வாழ்வதற்கு மட்டும் 34 ரூபாய் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதை நிறுவ அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள், கப்பலேறும் கூலிக்கு விதித்த உணவும் சிறைக் கைதிக்கு ஆகும் செலவும். வைத்தியர் ஒருவரும் வணிகர் ஒருவரும், ஒருவரையொருவர் கலந்து கொள்ளாமலே, ஒரே சமயத்தில் சிறைச்சாலைச் சமையற்கட்டுக்குப் போய் நியாயம் தேடினார்கள். நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் வெளியே வடிந்துகொண்டிருக்கும்வரை ஜனப்பெருக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கும் அருகதையில்லை என்பது நௌரோஜியின் முடிவு. அவருடைய எண்களில் சிலவற்றை இன்றைய பொருளாதார அறிஞர்கள் ஒப்புவதில்லை. வாதத்தின் திசையை மறுத்தவர் குறைவு.

மால்தூஸின் பெயரில் வேறொரு விவாதமும் அதே கோடையில் லண்டனில் நடந்தது. கர்ப்பத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக அன்னி பெசன்ட் அம்மையாரும் பிராட்லாவும் 1877 ஜூனில் நீதிமன்றத்தில் நின்றார்கள். 1882-இல் சென்னையிலும் மால்தூசியச் சங்கம் ஒன்று தோன்றிற்று. ஏழைப் பெண்ணின் உடல்நலத்துக்காக எழுந்த அந்தப் பேச்சையும், ஏழையின் கூலியைக் குறைப்பதற்காக எழுந்த லிட்டனின் பேச்சையும் ஒன்றாகக் குழப்புவது நியாயமாகாது. 

சேலம் மாவட்டத்தின் கணக்கை மட்டும் தங்கள் முன் வைக்கிறேன். 1871-இல் அங்கே 19 இலட்சத்து 66 ஆயிரம் பேர். 1881-இல் 16 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. செத்தவர்கள், இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பிற ஊர்களுக்கும் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாரும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். 1891-இல் மறுபடியும் 19 இலட்சத்து 62 ஆயிரம். அதே மண், ஏறக்குறைய அதே தலைகள். 1891-92-இல் மாகாணத்தின் பல மாவட்டங்களில் மழை திரும்பவும் பொய்த்தது. தாது வருஷத்துச் சாவு திரும்பவில்லை. வறட்சியின் கடுமை அம்முறை சற்றுக் குறைவென்பது உண்மையே. ஆயினும் இடையில் 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷன், வறட்சி முதலில் பறிப்பது தொழிலாளியின் வேலையையும் கூலியையும் என்று கண்டு சொல்லி, அதன் பயனாகப் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டு, எந்தக் கட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று அதிகாரிகள் கையில் எழுத்தில் இருந்தது. ஜனத்தொகை மாறவில்லை, விதி மாறியிருந்தது.

பணம் என்னவாயிற்று என்றும் கேட்பீர்கள். இனி வரும் பஞ்சங்களுக்காக ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக 1878-இல் வாக்களித்து, அதற்கென்று வியாபாரிகள்மேல் லைசென்ஸ் வரியும் போட்டார்கள். அவ்வாண்டே ஆப்கானிய யுத்தம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் லிட்டன் தம் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையை மீறி, லங்காஷயர் துணிக்குப் பருத்திச் சுங்கத்தில் ஒரு பகுதியை நீக்கினார். பஞ்ச நிதியும் யுத்தச் செலவில் கரைந்தது. பஞ்சத்தில் மாண்டவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்குக் குறையாது என்பது சர்க்கார் கமிஷனின் கணக்கே. அதிகாரத்தில் இருந்தவர்கள் ஜனத்தொகையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது, வரவு செலவுக் கணக்கை யாரும் கேட்காதிருப்பதற்காகவே என்பது என் அபிப்பிராயம்.

இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாது வருஷத்து வருவாய்த்துறை நடவடிக்கைகள், கலெக்டர்களின் கடிதங்கள், கார்னிஷின் குறிப்புகள் யாவும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவற்றைத் தமிழில் எழுதப் புகுந்தவர்கள் மிகச் சிலரே. ஒருவர் ஒரு தாலுகாவை எடுத்துக்கொண்டால் போதும், எழுதுங்கள்.