பழகிய கைகளை வார்டிலேயே வைத்திருப்போம்

(குழந்தைப் புற்றுநோய்ச் செவிலியர் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



இந்தக் கருத்தரங்கு சென்னையில் கூடுவது மிகவும் பொருத்தம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தம் குழுவினரோடு உருவாக்கிய மருந்து அமினோப்டெரின். அதை பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. நம் ஊரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. குழந்தைகளுக்கான தனிச் சிகிச்சையை டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அங்கே வளர்த்தெடுத்தார்கள்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். வசதியான நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2030க்குள் உலகெங்கும் 60 விழுக்காட்டினராவது பிழைக்க வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தது. அடிப்படை மருந்துகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலும் ஒன்றே. நோயைத் தாமதமாகக் கண்டறிவது, கிருமித் தொற்று, பாதியில் சிகிச்சையை விடுவது ஆகிய மூன்றும் இந்த இடைவெளிக்குப் பெரிய காரணங்கள். இந்த மூன்று இடத்திலும் மருத்துவருக்கு முன்பாகவே நிற்பவர் செவிலியர்.

குழந்தைப் புற்றுநோயைப் பெரும்பாலும் தடுக்க முடியாது. சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் முடியும். விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் நீலக் கன்றல், எலும்பு வலியால் நடக்க மறுப்பது, கழுத்தில் கரையாத கட்டி, செல்போன் படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது, குளிப்பாட்டும்போது வயிற்றில் தட்டுப்படும் கட்டி: இவற்றை அம்மா முதலில் சொல்வது பெரும்பாலும் கிராமச் சுகாதார செவிலியரிடம். அவர் காது கொடுத்துக் கேட்டால் சில மாதங்கள் மிச்சமாகும். வயிற்றுக் கட்டி சிறுநீரகப் புற்றாக இருக்கலாம் என்றால், வருவோர் எல்லாரும் அதை அழுத்திப் பார்க்காமல் காப்பதும் செவிலியர் கடமையே.

கீமோ தொடங்கியபின் வெள்ளணுக்கள் குறைகின்றன. அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போன குழந்தைக்குப் பெரும்பாலும் சீழ் பிடிக்காது, வீக்கமும் சரியாகத் தெரியாது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை. அதைப் பாராசிட்டமால் கொடுத்து மறைத்துவிடாமல், ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாய் வழியே ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த ஒரு மணி நேரம் முழுவதும் செவிலியர் கையில் இருக்கிறது. கீமோவில் தரும் வின்கிரிஸ்டின் ரத்தக் குழாயில் ஏறினால் மருந்து; தவறி முதுகுத் தண்டில் ஏறினால் உயிரையே பறித்துவிடும். அதனால்தான் அதை ஊசிக் குழலில் தராமல் சிறிய பையில் கலந்து ஏற்றச் சொல்கிறார்கள். ஊசி இறங்கிய இடம் சற்றே வீங்கினாலும் உடனே நிறுத்தத் தெரிந்த கை, பயிற்சியால் மட்டுமே உருவாகும்.

ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும், "நல்லாத்தானே இருக்கான், இனி எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் தோன்றும். பயணச் செலவும் தகப்பனின் நின்றுபோன கூலியும் சேர்ந்து அழுத்தும். வர வேண்டிய நாளில் வராத குடும்பத்துக்கு அன்று மாலையே ஃபோன் செய்யும் செவிலியர், மருந்துக்கு இணையான வேலையைச் செய்கிறார். மருத்துவரிடம் கேட்கத் தயங்கியதை "சிஸ்டர், ஒண்ணு கேக்கவா?" என்று அம்மாக்கள் கேட்பதும் அவரிடம்தான்.

இத்தனையும் கற்றுத் தேர்ந்த செவிலியரைச் சுழற்சி முறை என்று ஆறே மாதத்தில் வேறு வார்டுக்கு மாற்றுவது எந்த வகையில் நியாயம்? அந்தக் குழந்தைகளின் பாதுகாப்பையே அவரோடு சேர்த்து வெளியே அனுப்புகிறோம். பயிற்சி பெற்றவர்களைச் சுழற்றக் கூடாது, ஒரு செவிலியருக்கு ஐந்து குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய்ச் சங்கத்தின் அடிப்படைத் தரங்கள் சொல்கின்றன. நம் மருத்துவமனைகளுக்கு இது எட்டாத கனவு அல்ல. சுழற்சியை நிறுத்தப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம். ஓர் ஆணை போதும்.

ஆகவே இந்த அமர்வுகளின் முடிவில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் வடித்து அரசிடமும் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் கொடுப்போம்: பயிற்சி பெற்றவருக்கு நிலையான பணியிடம், புதிதாக வருபவருக்குக் கீமோவைக் கையாளும் முறையான பயிற்சி, சிகிச்சையை விட்டுப் போகும் குடும்பங்களைத் தேடிப் பிடிக்க ஒவ்வொரு வார்டிலும் ஒரு பொறுப்பாளர். உங்கள் வார்டு அனுபவங்களைத் தயக்கமின்றி இங்கே பேசுங்கள். அவைதான் இந்தக் கோரிக்கைகளுக்கு வலுவான சான்று.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.