திறவுகோல் யார் கையில்?



எமில் பிஷர் என்னும் ஜேர்மானிய இரசாயன அறிஞர் 1894ஆம் ஆண்டில் ஓர் உவமை கூறினார். உடலினுள்ளே இரசாயன மாற்றங்களை நடத்தும் நொதியமும் அது தொழிற்படும் பொருளும், பூட்டும் திறவுகோலும் போல ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும் என்பதே அவ்வுவமை. நூற்றுமுப்பது ஆண்டுகள் கழிந்தும் மருந்து தேடுவோர் அதனை விட்டிலர். நோய்க்கிருமியின் புரதம் ஒன்றிலே ஒரு பள்ளம் உண்டு. அப்பள்ளத்திற் சென்று இறுகப் பொருந்தி, அப்புரதத்தின் தொழிலை முடக்கும் சிறு மூலக்கூறு எதுவோ அது மருந்தாகக்கூடும். நம் வீடுகளிலே திறப்பு என்கிறோமே, அதனாற் பூட்டைத் திறக்கின்றோம். இங்கோ, போலித் திறப்பொன்றை உள்ளே முறித்துவிட்டுப் பூட்டையே பழுதாக்குவதுதான் நோக்கம்.

முன்னெல்லாம் ஆயிரக்கணக்கான பொருள்களைக் கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தே இத்தகைய மூலக்கூறுகளைக் கண்டனர். இன்று அவ்வேலையின் முதற்பகுதியைக் கணனி செய்கின்றது. புரதத்தின் வடிவத்தையும் மூலக்கூற்றின் வடிவத்தையும் கொடுத்துவிட்டால், மூலக்கூற்றைத் திருப்பியும் வளைத்தும் எண்ணற்ற நிலைகளில் வைத்துப் பார்த்து, எந்நிலையில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என அது மதிப்பிட்டுச் சொல்லும். மதிப்பீடுதான், தீர்ப்பன்று. கணனி மெச்சிய பொருள்களுட் பெரும்பாலானவை பரிசோதனையிலே தோற்றுப்போவதுண்டு. எனினும் இலட்சம் பொருள்களுள் எந்த நூற்றை முதலில் விலைகொடுத்து வாங்கிப் பார்ப்பது என்று அறிவதே, பணவசதி குறைந்த ஆய்வுகூடத்துக்குப் பெருங்காரியமாகும்.

இக்கருவிகளுள் நெடுங்காலமாக வழங்கிவருவது ஓட்டோடொக் என்பது. கலிபோர்ணியாவிலே லா ஹொயா என்னுமிடத்திலுள்ள ஸ்கிறிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டேவிட் குட்செல், ஆதர் ஒல்சன் ஆகிய இருவரும் 1990ஆம் ஆண்டில் அதன் முறையை வெளியிட்டனர். அதே கூடத்திலிருந்து 2010இல் ஓட்டோடொக் விநா என்னும் விரைவான கருவியும் வந்தது. கணனிக்கு இடும் கட்டளைகள் அனைத்தும் அதில் வெளிப்படையாக உள்ளன. எவரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், வணிகத்துக்குங்கூடப் பயன்படுத்தலாம்.

இவ்வாறு கொடுத்ததனால் விளைந்தது என்ன? கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோப் பிரிவில் அன்ட்ரூ மக்கமன் என்பவரின் குழுவினர், எயிட்ஸ் கிருமியின் இன்ரிகிறேஸ் என்னும் நொதியத்தை ஓட்டோடொக் கொண்டு ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். புரதம் கல்லைப்போல் அசையாதிருப்பதன்று. அது அசையும் பல நிலைகளையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தபோது, முன்னர் அறியப்படாத ஒரு பள்ளம் புலப்பட்டது. அந்நொதியத்தை முடக்கும் மருந்துகளுள் முதலாவதாகிய ரால்ரெகிராவிர் 2007 ஒக்டோபரில் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது. அதனை ஆக்கியது மேர்க் கம்பனி. ஸ்கிறிப்ஸ் கூடத்தார் தமது கருவிக்கும் அதிற் பங்குண்டென்று பெருமையோடு குறிப்பிடுவர். பெரும்புகழ் மருந்தை ஆக்கிய இரசாயனவியலாளர்க்கே உரியது என்பேன். நான் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்று: பள்ளத்தைக் கண்டவர் கருவியைச் செய்தவரல்லர்.

இனி இலண்டனுக்குச் செல்வோம். கூகிள் நிறுவனத்தைச் சார்ந்த டீப்மைண்ட் ஆய்வுகூடம், புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அல்பாபோல்ட் என்னும் கருவியின் இரண்டாம் பதிப்பை 2021 யூலையிற் கட்டளைகளோடு வெளியிட்டது. அடுத்த ஆண்டில் இருபது கோடிக்கு மேற்பட்ட புரத வடிவங்களையும் உலகுக்கு இலவசமாக அளித்தது. தாராளமான கொடை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பதிப்பு பூட்டை மட்டுமே காட்டிற்று. 2024 மே மாதத்தில் நேச்சர் சஞ்சிகையில் வெளியான மூன்றாம் பதிப்பு, பூட்டையும் திறவுகோலையும் ஒருங்கே பொருத்திக் காட்ட வல்லது. மருந்து தேடுவோருக்கு வேண்டியதும் அதுவே. அப்பொழுதுதான் கதவு சாத்தப்பட்டது.

கட்டளைகள் வெளியிடப்படவில்லை. அவற்றுக்குப் பதிலாக, இணையத்தின் வழியே வினாக்களை அனுப்பி விடைபெறும் ஒரு சேவை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் நாளொன்றுக்குப் பத்து வினாக்களே அனுமதிக்கப்பட்டன. அதிலும், குறித்த சில மூலக்கூறுகளைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்கலாமேயன்றி, ஆராய்ச்சியாளர் தாமே எண்ணிய புதிய மருந்துப் பொருளைப் புகுத்த வழியில்லை. கடையிலே கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பண்டம் போலாயிற்று. பார்க்கலாம், எடுத்துப் பார்க்க முடியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் ஒரு பகிரங்கக் கடிதத்திற் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். அவர்களுடைய வாதம் எளியது: பிறர் சோதித்துப் பார்க்கவியலாத முடிவை விஞ்ஞானச் சஞ்சிகை எவ்வாறு ஏற்றது?

நிறுவனத்தார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பெரும்பொருள் செலவிட்டவர் அவர். மருந்து கண்டுபிடிப்பதற்கென ஐசோமோர்பிக் என்னும் சகோதர நிறுவனமும் 2021இலேயே அமைக்கப்பட்டிருந்தது. ஆதாயம் கருதி இரகசியம் காப்பது வணிகர் வழக்கம். ஆனால் இரகசியத்தை வைத்துக்கொண்டே விஞ்ஞானக் கட்டுரையின் மதிப்பையும் பெற விரும்புதல் தகுமா என்பதே கேள்வி. தகாது என்பது என் கருத்து.

கண்டனத்தின் பின் ஆறு மாதத்துக்குள் கட்டளைகளை வெளியிடுவதாக வாக்களித்தனர். அவ்வாறே 2024 நவம்பர் மாதத்தில் வெளியிட்டனர். இதற்கிடையே ஒக்டோபரில் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகிய டீப்மைண்ட் அறிஞர் இருவர்க்கும், டேவிட் பேக்கர் என்பார்க்கும் இரசாயனவியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. எனினும் கருவியின் உயிர்போன்ற பயிற்சி எண்களை விண்ணப்பித்தே பெறவேண்டும். வணிகமல்லாத ஆய்வுக்கே அவை உரியன.

எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடலாமா என்று கேட்பாரும் உளர். 2022இல் வெளியான ஓர் ஆய்வு அவர்கள் கையிலுள்ள சான்று. மருந்து தேடும் கருவியொன்றை அதன் உரிமையாளரே சோதனைக்காகத் தலைகீழாகத் திருப்பி நஞ்சைத் தேடச் செய்தபோது, ஆறு மணித்தியாலத்துக்குள் நாற்பதாயிரம் கொடிய மூலக்கூறுகளை அது வரைந்து கொடுத்தது. அச்சத்துக்கு இடமுண்டு. ஆயினும் வரைந்த நஞ்சை ஆக்குவதற்கு இரசாயனப் பொருள்களும் தேர்ந்த கைகளும் வேண்டும். காவலை அங்கே வைப்பதே தக்கது. மேலும் பூட்டிவைத்தது நெடுநாள் நிலைக்கவுமில்லை. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் அதே நவம்பரில் போல்ற்ஸ் என்னும் ஒத்த கருவியை ஆக்கி, வணிகத்துக்கும் தடையின்றி யாவர்க்கும் வழங்கினர்.

இது எங்கோ நிகழும் பிணக்கு என்று எண்ணற்க. மணல் ஈயின் கடியாற் பரவும் லெயிஷ்மானியா நோய் நம் நாட்டிலும் தோலிற் புண்ணாகத் தோன்றுகின்றது. அது பெரும்பாலும் வறியவர் நோய். அதற்கு மருந்து தேடுவதாற் செல்வம் குவியாது. அந்த ஒட்டுண்ணியின் புரதம் ஒன்றை நம் மாணவர் ஒருவர் அல்பாபோல்டின் மூன்றாம் பதிப்பைக் கொண்டு ஆராய்வாராயின், படிப்பளவில் தடையொன்றுமில்லை. நல்ல மூலக்கூறு ஒன்று கிடைத்து, அதனை மருந்தாக்கவல்ல ஒரு கம்பனியிடம் கொண்டுசெல்ல முற்படும் நாளிலேதான் உரிமப்பத்திரத்தின் வாசகம் குறுக்கே நிற்கும். விநாவையோ போல்ற்ஸையோ கொண்டு தொடங்கியிருந்தால் அத்தடை இல்லை. ஆதலின், கணனியை முடுக்குவதற்கு முன்னரே அவர் அந்தப் பத்திரத்தைப் படித்துவிடுதல் நன்று.