கைதட்டலும் கைகோத்தலும்



நினைவுச் சொற்பொழிவில் நடனத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். யார் யாரைத் தொடலாம் என்ற விதியில்தான் சாதி உயிர்வாழ்கிறது. நிறவெறியும் அப்படித்தான்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காட்டன் கிளப் என்றோர் அரங்கு இருந்தது. மேடையில் ஆடியவர்கள் கறுப்பர்கள். பார்வையாளர் இருக்கை வெள்ளையருக்கு. அதே ஹார்லெமில் 1926இல் சவாய் பால்ரூம் திறந்தது. அங்கே இரு நிறத்தவரும் ஒரே தளத்தில் ஆடினார்கள்.

அங்கே கறுப்பின இளைஞர்கள் வளர்த்தெடுத்தது லிண்டி ஹாப். ஜாஸ் இசைக்கு இருவர் ஆடும் ஆட்டம். எழுதிவைத்த வரிசை கிடையாது. கைபிடித்துச் சுழல்வார்கள், விலகி அவரவர் மனம்போல் அடிவைப்பார்கள், மீண்டும் சேர்வார்கள். அடுத்த அசைவைக் கையின் இறுக்கமும் தளர்வும்தான் சொல்லும். வலிந்து இழுத்தால் துணை தடுமாறும். கையைத் தொய்யவிட்டால் சேதி போய்ச் சேராது.

1935இல் ஃபிராங்கி மானிங், ஃப்ரீடா வாஷிங்டனைத் தன் முதுகின்மேல் புரட்டி இறக்கினார். அது முன்பே பழகிப் பார்த்த அசைவு. ஒருவரை ஒருவர் நம்பிப் பழகியவர்களுக்கே துணிச்சல் கைகூடும்.

1943இல் அதிகாரிகள் சவாயைச் சில மாதங்கள் மூடினார்கள். ஒழுக்கக்கேடு என்று காரணம் சொன்னார்கள். இரு நிறத்தவரும் கைகோத்ததே காரணம் என்றார்கள் ஹார்லெம் மக்கள்.

நம் பறைக்கும் இன்று மேடை கிடைக்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. தட்டிய கை, இறங்கி வந்ததும் நம் கையைப் பிடிக்கிறதா? அதுவரை நமக்குக் கிடைத்திருப்பது காட்டன் கிளப்தான். நாம் கேட்பது சவாய்.

ஜெய்பீம்.