கைவலி: நரம்பா, இரத்தக் குழாயா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நரம்பு என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். மூளையின் ஏவலையும் தொடுவுணர்வையும் தாங்கிச் செல்வது நரம்பு. புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தோன்றும் இரத்தக் குழாயும் பேச்சு வழக்கில் நரம்பே. 'நரம்பில் ஊசி போட்டார்கள்' என்கிறோம். ஊசி புகுந்ததோ இரத்தக் குழாயில்! இங்கு வழங்கும் இந்தி மொழியின் 'நஸ்' என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. ஆகவே, மருத்துவரிடம் 'நரம்புக் கோளாறு' என்று மட்டும் சொல்லி அமையாது, குறிகளை விளக்கிக் கூறுதல் வேண்டும்.

கழுத்துத் தண்டிலிருந்து புறப்படும் ஐந்து நரம்பு வேர்கள் பின்னிப் பிணைந்து கைக்கு இறங்குகின்றன. காறையெலும்புக்கும் முதல் விலாவெலும்புக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் அப்பின்னலும், தமனியும், சிரையும் நெருங்கிச் செல்கின்றன. அங்கு நெருக்கம் நேரின் பெரும்பாலும் துன்புறுவது நரம்பே.

நரம்புக் கோளாறாயின் குறிப்பிட்ட விரல்கள் மரத்துப்போகும், எரியும், பிடி தளரும். கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்து, உதறினால் தணியுமாயின், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டதென ஐயுறலாம். சுண்டுவிரல் மரப்பின் முழங்கையையும் ஆராய்வர். கழுத்தைத் திருப்புகையில் வலி கைக்குப் பாய்ந்தால் கழுத்தை ஆராய்வர்.

தமனி அடைபட்டாலோ, வேலை செய்கையில் கை சோர்ந்து நோகும், ஓய்ந்தால் தணியும். விரல்கள் வெளுத்துக் குளிரும், நாடி மெலியும், இரு கைகளின் இரத்த அழுத்தமும் வேறுபடும். 1908-இல் ஜப்பானிய மருத்துவர் டகயாசு விவரித்த தமனி நோய் இளம்பெண்களையே மிகுதியும் பற்றுவது. சிரை அடைபட்டாலோ, கை முழுதும் வீங்கி நீலம் பாரிக்கும். தோளிலும் மார்பிலும் குழாய்கள் புடைக்கும்.

கழுத்தைத் திருப்பி, மூச்சை அடக்கச் செய்து நாடி பார்க்கும் முறையொன்றை 1927-இல் ஆட்சன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் வெளியிட்டார். நலமுடையோர் பலருக்கும் அந்நிலையில் நாடி மறைவதுண்டு. அதனை மட்டும் நம்பி முடிவு செய்தலாகாது. நரம்புக்கு மின்னோட்டச் சோதனையும், குழாய்க்கு டாப்ளர் சோதனையும் இன்று துணை நிற்கின்றன.

கை திடீரென வெளுத்துக் குளிர்ந்து நாடியற்றுப் போனால், சில மணி நேரத் தாமதமும் கையைப் பறிக்கக்கூடும். மார்பிறுக்கமும் வியர்வையும் கூடிய கைவலி இதயத்தினது. வாய் கோணி, பேச்சுக் குழறிக் கை செயலற்றால் அது மூளையினது. இவற்றுக்குத் தைலம் தேய்த்துக் காத்திராமல் அக்கணமே மருத்துவமனை செல்க. நீலம் பாரித்து வீங்கிய கைக்கும் அன்றே மருத்துவம் வேண்டும். அங்கு உறைந்த குருதி நுரையீரலை அடைதலும் கூடும்.

மற்றையோர், எந்த விரல், எப்பொழுது, என்ன நிறம், எதனால் தணிகிறது என்னும் நான்கினையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வீர்களாக.