ஒரே சன்னல், ஒரே தெரு

தினம் ஒரு தெருக்காட்சி வரையுங்கள் என்றால், "எங்கள் தெருவில் வரைய என்ன இருக்கிறது?" என்பார்கள். ஓவியர் காமில் பிசாரோவைப் பாருங்கள். அவருக்குக் கண்நோய். காற்றிலும் தூசியிலும் நின்று வரைய முடியாது. 1897-இல் பாரிசில் ஓட்டல் அறை எடுத்து, சன்னல் வழியாக மோன்மார்த்ர் பெருவீதியை வரைந்தார். ஒரே தெரு, 14 ஓவியங்கள்! ஒன்றில் காலை மூட்டம், ஒன்றில் வெயில், ஒன்றில் ஈரத்தரையில் மினுங்கும் இரவு விளக்குகள். தெரு அதேதான். வெளிச்சம்தான் வேறு. "ஆட்கள் அசையாமல் நிற்பார்களா?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த ஓவியங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஆளே இல்லை. தூரிகையின் இரண்டு மூன்று தீற்றல்தான். தள்ளி நின்றால் கூட்டம் நடக்கிறது. உங்கள் பால்காரர் சைக்கிளும் அப்படித்தான்: சக்கரத்துக்கு இரண்டு சுழி, கேனுக்கு ஒரு தீற்றல். அவர் தெருமுனை திரும்புவதற்குள் போட்டுவிடலாம்.