நற்சாட்சி



எருசலேம் சபையில் அன்றாடப் பந்தியைக் கவனிக்க ஏழு பேர் தேவைப்பட்டபோது, அவர்கள் நற்சாட்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள் அப்போஸ்தலர்கள். சாப்பாடு பங்கிடுகிற வேலைக்கு இவ்வளவு தகுதியா? ஹாஸ்டல் மெஸ் செக்ரட்டரியாக இருந்தவர்களைக் கேளுங்கள், காரணம் சொல்வார்கள்!

ஜெர்மனியிலிருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். ஹைதர் அலி படையெடுத்த காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தும் ஏற்றிவர மாடு தருவாரில்லை. முன்பு தந்தவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. ராஜாவின் வார்த்தையை நம்பாத ஜனங்கள், கூலிக்கு நான் பொறுப்பு என்று ஐயர் சொன்னதும் மாடுகளை ஓட்டி வந்தார்கள். அவரும் சொன்னபடி பணம் கொடுத்துவிட்டார். அந்த ஹைதரே 1779-ல் அவரைத் தூதராக ஏற்றுக்கொண்டவர்தான்.

பாருங்கள், அவருடைய நல்ல பேர் அவருக்கு மாலை வாங்கித் தரவில்லை. பசித்தவர்களுக்குச் சோறு போட்டது. நல்ல பேர் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

அது ஒரே நாளில் வருவதில்லை. சைட்டில் கான்கிரீட் போட்டபின் உள்ளே இருக்கிற கம்பி யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் பாரம் தாங்குவது அதுதான். தம்பிமாரே, லேப் ரெக்கார்டு, வாங்கின கைமாற்று, மெஸ் கணக்கு, இதெல்லாம் இன்றைக்கு நீங்கள் கட்டுகிற கம்பி. ஒழுங்காகக் கட்டுங்கள். ஒருநாள் யாராவது உங்கள் வார்த்தையை நம்பி வருவார்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.