பாவனை விளையாட்டும் பாலர் தேகப்பயிற்சியும்

(அங்கன்வாடிப் பணியாளர்களும் தாய்மார்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குழந்தைகள் மையத்தை நடத்துவது என் துறையன்று. அது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையின் பொறுப்பு. ஆயினும் மையத்தின் முற்றத்தைச் சீர்செய்ய வேண்டுமென்றால் ஊராட்சியைத்தான் நாடுகிறீர்கள். ஆதலால் முற்றத்தைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு.

அம்முற்றத்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கென ஒரு பாவனைத் தேகப்பயிற்சிக் கூடம் அமைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. பாவனை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். அண்ணன் கர்லாக்கட்டை சுழற்றுவதையும் எடை தூக்குவதையும் பார்த்த குழந்தை, வீட்டிற்கு வந்ததும் உலக்கையில் கை வைக்கும். அந்த ஆசைக்கு அபாயமில்லாத ஓர் இடம் கொடுப்பதே நோக்கம். உடலை முறுக்கேற்றுவதன்று.

இது மேல்நாட்டுப் புதுமை என்று கருத வேண்டா. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மணலில் வீடு கட்டுவதும், பறை முழக்குவதும், தேர் உருட்டுவதும் பெரியவர்களைப் பார்த்துப் போலச் செய்தலேயன்றி வேறென்ன? உடலுக்கு வேண்டிய உழைப்பும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் பலவகையாக உடலை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் துள்ளலுமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நம் பிள்ளைகள் காலையில் வந்தது முதல் உணவு வேளை வரை எவ்வளவு நேரம் எழுந்து நடமாடுகிறார்கள்? வீடு சென்றதும் கைப்பேசியின் முன் அமர்ந்துவிடுகிறார்கள்.

மதிப்பீடு தயாரிக்கலாமா என்று தலைவர்கள் கேட்பார்கள். வேண்டா. விலை கொடுத்து வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும். உடைந்தால் தணிக்கையில் கேள்வி வருமே என்ற அச்சத்தில் அது பீரோவுக்குள் போய்விடும். குழந்தையின் கைக்கு எட்டாத பொம்மையால் என்ன பயன்?

மர நிழலில் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும். கல், கண்ணாடித் துண்டு பொறுக்கி ஆற்று மணல் பரப்புங்கள். பழந்துணியில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்தால் கர்லாக்கட்டை. சிலாம்பு போகத் தேய்த்த மெல்லிய மூங்கிற்குச்சியின் இரு முனைகளிலும் துணிப்பந்து கட்டினால் எடைக்கோல். முகம் சிவக்க அதைத் தூக்குவது போல் நடிப்பதில் குழந்தைக்கு எத்தனை பெருமை! தரையில் கயிற்றை வளைத்து விரித்தால் சமன்நடைப் பாதை. ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் குழந்தையின் உயரத்திற்கு உறுதியாகக் கட்டிவிட்டால் அதுவே நிலைக்கண்ணாடி.

வாயிலில் ஒரு மணையும் பழைய நோட்டுப் புத்தகமும் வையுங்கள். ஒரு குழந்தை எழுத்தராக உட்காரும். வருவோர் பெயரைக் கேட்டுக் கிறுக்கும். “விளையாட்டு எதற்கு, நாலு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்கும் தாய்மார்கள் இந்த நோட்டைப் பார்க்க வேண்டும். எழுத்து என்பது ஒருவர் சொன்னதைக் குறித்து வைப்பது என்ற அறிவு அந்தக் கிறுக்கலில்தான் பிறக்கிறது. சிலேட்டில் ‘அ’ வை நூறு முறை சுற்றும் குழந்தைக்கு அது கிட்டுமென்று நான் நம்பவில்லை.

சில பொருள்களை அறவே விலக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே விடாதீர்கள், உரச்சாக்கும் அப்படியே. மூக்கிலோ தொண்டையிலோ போகக்கூடிய கோலி, புளியங்கொட்டை கூடா. பழைய டயர் வேண்டுமென்று சிலர் கேட்கிறார்கள். அதில் தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு முட்டையிடும். நீர் வடியத் துளையிடாத டயர் வேண்டவே வேண்டா. இரவில் நாய், பூனை அசுத்தம் செய்யாதபடி மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள்.

சகோதரிகளே, ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கட்டளையிடும் வாத்தியார் வேலையை நீங்கள் ஏற்க வேண்டா. அதைச் செய்யப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒருவர் கிளம்பிவிடுவார். நீங்கள் பயிற்சிக்கு வந்த ஓர் ஆளாகப் போய் நின்று, “என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா” என்று கேளுங்கள். யார் அதிகம் தூக்கினார் என்ற போட்டி கூடாது. எடை குறைந்த குழந்தையை ஒல்லி என்றும், பருத்த குழந்தையைக் குண்டு என்றும் சொல்ல அங்கே இடமளிக்கலாகாது. பெண்குழந்தை எடைக்கோலைத் தொட்டால் பறிக்காதீர்கள். கால் ஊனமுற்ற குழந்தையை எழுத்தர் இடத்திலேயே உட்கார்த்தி வைத்துவிடாமல், அமர்ந்தபடி கர்லாக்கட்டை சுழற்றவும் பந்தெறியவும் விடுங்கள்.

முற்பகல் வெயில் ஏறுமுன் ஆடி முடித்துத் தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் கோலையும் கட்டையையும் உள்ளே கொண்டுவந்து, அடுப்பறைக்கு எட்டியுள்ள ஒரு மூலையில் பாய் விரித்துக் கொடுத்தால் போதும். கூடம் அங்கேயே நடக்கும்.